இஸ்திரிப் பெட்டியில் பிறந்த மணி

அந்த இஸ்திரிப் பெட்டியின் அடியில் கறுப்புத் திட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இப்போது அவளும் தேய்ப்பதில்லை.

அவள் நர்ஸ். கணவர் வீட்டு முன்னறையில் ரேடியோ பழுது பார்ப்பவர். பக்கவாதத்தில் அவளுடைய அப்பாவுக்குப் பேச்சு போயிற்று. அசைந்தது இடது கையில் ஒரு விரல்தான். மணிப் பொத்தானை அழுத்த அதற்கும் தெம்பில்லை. ஞாயிறோடு அவள் விடுப்பு முடிகிறது. அப்புறம் அப்பா பின்னறையில் ஈரத்தில் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

"விரல் பட்டாலே அடிக்கிற மணி ஒண்ணு செஞ்சுடறேன்" என்றார் கணவர்.

பழைய புத்தகத்திலிருந்த சர்க்யூட் படத்தை, அவளுடைய வார இதழின் வழவழப்பான தாள் ஒன்றில் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

"ஐயோ, நான் படிக்காத தொடர்கதைங்க அது!"

"முடிவு நான் சொல்றேன். கல்யாணம்தான்."

செம்புத் தகட்டின் மேல் தாளைக் கவிழ்த்து, ஜெராக்ஸ் மை உருகித் தகட்டில் ஒட்டும்படி முழுச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். தாளின் மேல்பக்க மை பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு தகட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டார். காகிதத்தை எடுத்தது அவள்தான். புண்ணில் ஒட்டிய பஞ்சை எடுப்பதுபோல் நனைத்து நனைத்து உரித்தாள். கறுப்புக் கோடுகள் தகட்டிலேயே நின்றன. செம்பை அரிக்கும் பழுப்பு நிறக் கரைசலில், கோடு படாத மிச்சச் செம்பு கரைந்தது. துளையும் போட்டாயிற்று.

ஞாயிறு காலை, தகட்டில் பொருத்த வேண்டிய ஐ.சி. சில்லோடு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"படத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி எடுத்திருக்கணும். மறந்து தொலைச்சிட்டேன். சில்லோட கால் எல்லாம் இடம் வலமா மாறிப் போச்சு. வேற தகடும் இல்ல, கடையும் லீவு."

அவள் தகட்டைப் புரட்டினாள். "மல்லாந்து படுக்க முடியாதவங்களை நாங்க குப்புறப் படுக்க வைப்போம். சில்லையும் அது மாதிரி மறுபக்கம், செம்புப் பக்கமா வெச்சா ஆகாதா?"

அவர் சில்லைச் செம்புப் பக்கம் வைத்துப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"சரி, நீங்களே சொன்னதா இருக்கட்டும். ஈயம் வெச்சுப் பத்த வைங்க."

சில்லு தப்பான பக்கத்தில் ஏறியது. மணி அடித்தது.

திங்கள் மாலை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புகார் வந்தது. "உங்கப்பா இருபத்தேழு தடவை கூப்பிட்டார். ரெண்டு தடவைதான் ஈரம்."

"மத்ததெல்லாம்?"

"போய் நின்னா சிரிக்கிறார்."

படுக்கையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கைப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை, மணி அடித்தது.