பிரேக்கு போட்டு ஆடிய சம்பந்தியம்மா

என் பேத்திக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய அம்மாயி, என் சம்பந்தியம்மா அம்சவேணியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மலைமேல் செம்மேடு பஸ் நிலையத்தில் அன்னாசி விற்றவர் அவர். அந்த மலையில் ரோட்டில் இறங்கி ஆடிய முதல் பெண்ணும் அவர்தான்.

பிரேக் டான்ஸ் என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. பார்த்ததில்லை. பஸ் பிரேக் என்றே நினைத்துக்கொண்டார். மலைப்பாதையின் எழுபது வளைவிலும், பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் எப்படிச் சாய்வார்களோ அப்படியே சாய்ந்து ஆடுவார். நடுவில் சட்டென்று சிலை மாதிரி நிற்பார். அதுதான் பிரேக்கு. ஹாரன் சத்தம் கேட்டால் ஆட்டம் ஆரம்பம். டிரைவர்களும் இதற்காகவே நீட்டி அடிப்பார்கள்.

1998இல் அவர் மகள் கௌசிகாவை என் மகன் குணசேகரனுக்குப் பெண் கேட்டு மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறினோம். என் மனைவி ஆத்தாயிக்கு மனசே இல்லை.

"ரோட்டுல ஆடறவ ஊட்லயா பொண்ணெடுக்கறது? ஒரு ஆட்டம் பாத்தேன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பீருவேன், சொல்லிப்போட்டேன்."

பையன் முகம் சுண்டிவிட்டது. ஆறு மாதமாக அன்னாசி வாங்குகிற சாக்கில் மலையேறிக்கொண்டிருந்தவன் அவன். தின்று தின்று எங்கள் நாக்கெல்லாம் புண்.

அங்கே கௌசிகாவும் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம், நாங்கள் கிளம்பும்வரை காலை ஆட்டக் கூடாதென்று. பஸ் நிலையத்துக்குப் பின்னாலேயே வீடு. அம்சவேணி கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். காபி வந்தது. பேச்சும் நல்லபடியாகப் போனது. அப்போது ஹாரன் அடித்தது. அவருடைய இடது தோள் மட்டும் துள்ளியது.

"ஏனுங்க, தோள்ல புடிப்புங்களா?" என்றாள் ஆத்தாயி.

"குளுருங்க."

மறுபடி ஹாரன். கை நிலையை விட்டுவிட்டது. வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு, காபி டம்ளர்களுக்கு நடுவே ஒரு சுற்று. சட்டென்று நின்றார். கௌசிகா முகத்தை மூடிக்கொண்டாள். குணசேகரன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆத்தாயி எழுந்தாள். "ஏன் நின்னுட்டீங்க?"

"பிரேக்குங்க. பிரேக்கு டான்ஸுன்னா பிரேக்கு போடோணுமில்லீங்க?"

"அது சரி. ஒரு வளைவை உட்டுப்போட்டீங்களே. காலைல நான் ஒரு வாத்தியாரு மடில போயி உக்காந்தேன், அந்த வளைவு."

"அதெப்படிங்க இருந்துச்சு?"

முந்தானையைச் செருகிக்கொண்டு ஆடிக் காட்டிய ஆத்தாயி, கடைசியில் என் மடியில் வந்து விழுந்தாள். நாங்கள் வந்த பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறினோம்.

பிறகு சந்தைக்கு வரும் பெண்கள் நாலைந்து பேர் அம்சவேணியோடு சேர்ந்தார்கள். இப்போது ஊர் நோம்பித் திருவிழாவில் பிரேக்கு ஆட்டம் என்று தனியாகவே இருக்கிறது. கீழேயிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த இமானுவேல் ஒருநாள், "அம்மா, நெஜ பிரேக் டான்ஸ்ல இப்படி நிக்கமாட்டாங்க" என்றார்.

"பிரேக்கு இல்லாம மலையெறங்குனா எங்க சார் போயி நிப்பீங்க?"



கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பிறந்த பேத்தி இப்போது அம்மாயி வீட்டுத் தொட்டிலில். ஹாரன் அடித்தால் இடது காலை உதறுகிறாள், அப்படியே நிறுத்துகிறாள்.

"எம்பட காலு" என்கிறார் அம்சவேணி.

"தூக்குனா ஒரு பக்கமாச் சாயறா பாருங்க, அது எம்பட வளைவு" என்கிறாள் ஆத்தாயி.

பஞ்சாயத்து முடியும்வரை குழந்தை என் மடியில். வேட்டி நனைந்துவிட்டது. அதற்கு மட்டும் பிரேக்கே இல்லை.