தாழம்புதரை வெட்டச் சொன்னவள் நான்

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அந்த அழைப்பு என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. பேசிய நேரம் நான்கு நிமிடம் என்று காட்டுகிறது. அண்ணன் கண் பரிசோதனைக்காகக் கும்பகோணம் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய கொல்லையில் வேலை செய்துவந்த கலியமூர்த்தியை நான் அழைத்தேன். எல்லாம் பிசகத் தொடங்கியது அப்போதுதான்.

ஆண்டு நினைவு மலரில் இப்படி ஆரம்பிப்பது வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை வேறு மாதிரி எழுதினேன். அண்ணனுடைய பொறுமை, சிக்கனம், யாரிடமும் கடிந்து பேசாத குணம் என்று பக்கம் நிறைந்தது. எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அதை அச்சுக்குக் கொடுக்கக் கை வரவில்லை. இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் நீங்கள் அனைவரும் ஒருவரைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க விட்டது நான்.

அண்ணன் நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், இப்போதும் இருக்கும் அதே வீட்டில் பிறந்தார். எங்களுக்குள் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே பள்ளி, அதே மேசை. என்னைப் பட்டம் படிக்க வைத்தார், திருமணம் செய்து கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தனக்கென்று பெண் பார்க்கச் சொல்ல அவர் ஒத்துக்கொண்டபோது வயது கடந்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அவருக்கென்று இருந்தது கொல்லை ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரைவரை போகும் அரை ஏக்கர். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அவரை, புடலை, பீர்க்கு, பரங்கி விதைகளை ஊன்றுவார். புரட்டாசியில் கத்தரி, மிளகாய் நாற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகளில் தண்ணீர் தேங்காமல் வடிய விடுவதே பெரிய வேலையாக இருக்கும். தை பிறந்தால் அவரைக்காய் பறித்து முடியாது. சென்னைக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வரும். பங்குனி வெயிலில் செடிக்கு ஊற்றும்போதே மண்சட்டிகளிலும் பறவைகளுக்குத் தண்ணீர் நிரப்பி வைப்பார்.

கொல்லைக்கு வந்துபோகும் உயிர்களை அவர் வேலை நடுவே நின்று பார்ப்பார். மற்ற வீடுகளில் மாதக் காலண்டரின் கட்டத்தில் பால் வராத நாளையும் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளையும் குறிப்பார்கள். அண்ணன் வீட்டுக் காலண்டரில் “கீரி, குட்டி இரண்டு”, “மோட்டார் குழாய் மேல் மீன்கொத்தி”, “செண்பகம் கூவியது, 5.40” என்று இருக்கும். எழுத்தர் அல்லவா, எழுத்து கட்டத்துக்கு வெளியே போகாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அந்த வாரத்துக் கட்டங்களை எனக்குச் சொல்வார். நான் பாதிக் காதில் கேட்டுக்கொண்டு, பாம்பு ஏதாவது வந்ததா என்று மட்டும் தவறாமல் கேட்பேன்.

வாய்க்கால் கரையில் ஒரு தாழம்புதர் இருந்தது. அதில் ஆடி முதல் ஐப்பசிவரை அரிவாள் படக்கூடாது என்பது அண்ணனும் கலியமூர்த்தியும் தங்களுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு. அந்த மாதங்களில்தான் கானாங்கோழி அங்கே அடை உட்காரும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிப் போன பிறகுதான் காய்ந்த மட்டைகளைக் கழிப்பார்கள். இருபத்திரண்டு வருடங்கள் அப்படித்தான் நடந்தது.

அந்த வருடம் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, என் மகள் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பத்து வயது. அவள் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். அது சாரை, எலி தேடி வந்தது, கடித்தாலும் விஷமில்லை என்று அண்ணன் சொன்னார். நான் மூன்று நாள் ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. நான்காம் நாள் அண்ணன் என் மகளிடம், “பாம்பு பாவம், உங்கம்மாவைப் பாத்து மிரண்டு போயி வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாம்பு தங்குவது அந்தத் தாழம்புதரில்தான், கேட்டால் வெட்ட விடமாட்டார் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறைக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதரை அடியோடு வெட்டிக் கொளுத்திவிடுங்கள், அண்ணன் மாலைதான் வருவார், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று கலியமூர்த்தியிடம் சொன்னேன்.

“அண்ணன் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே தங்கச்சி. அதுல கோழி அடை கெடக்கு.”

“கோழி முக்கியமா, புள்ள முக்கியமா? அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வெட்டுங்க.”

அவர் சரி என்றார்.

மாலை ஆறு மணி பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் முதலில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லையாம். புகை நாற்றத்தில்தான் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். கலியமூர்த்தி ஏழு முட்டைகளையும் ஒரு கூடையில் வைக்கோல் போட்டு வரப்பில் வைத்திருந்தார். தாய்க்கோழி திரும்ப வரவில்லை. யார் வெட்டியது என்று அண்ணன் கேட்க, “நான்தாண்ணே. புள்ளைங்க வருதேன்னு வெட்டிட்டேன்” என்று கலியமூர்த்தி சொல்லியிருக்கிறார். என் பெயரை அவர் எடுக்கவில்லை. நான் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, நான் பேசுவேன் என்று இருந்துவிட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் அண்ணன். யாரிடமும் கடிந்து பேசாத குணம் என்று முன்பு எழுதினேனே, அவர் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

ஏழரை மணிக்கு அண்ணனை அழைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அழைத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்:

“கலியமூர்த்தி புதர வெட்டிட்டாம்மா. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவன்.”

நான் சொன்னது ஒரே வார்த்தை.

“அப்படியா?”

அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் உடம்பு கூசுகிறது. கோபம் ஆறட்டும், விடுமுறைக்குப் போகும்போது நேரில் சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நேரில் போனேன். அண்ணன் என் மகளைக் கூட்டிக்கொண்டு மிளகாய் நாற்று நட்டார். வெறுமையாகக் கிடந்த கரைப்பக்கம் போகவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. தீபாவளிக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். தீபாவளியும் போயிற்று. காலண்டரைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் “புதர் போயிற்று” என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டங்களில் உரம், நாற்று, மழை என்று மட்டுமே எழுதியிருந்தார்.

கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை. அவரைப் பாத்தியில் தண்ணீர் நின்றதால் அண்ணன் காலை ஏழு மணிக்குத் தனியாக மண்வெட்டியோடு இறங்கி வடிகால் வெட்டியிருக்கிறார். கரையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கலியமூர்த்தி வழக்கமாக ஆறரைக்கே வந்துவிடுவார். அன்று அந்தக் கொல்லையில் யாரும் இல்லை. பால் கொண்டுவரும் அம்மாள் குரல் கேட்டுப் போய்ப் பார்க்கும்வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் மழையில் கிடந்தார்.

தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. ஒன்பது வாரம் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு பிற்பகல், சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னார்:

“கலியமூர்த்தி தானா செய்யிற ஆளில்லைம்மா. யாரோ சொல்லித்தான் செஞ்சிருப்பான்.”

என் கை நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? இதச் சாப்புட்டுட்டுக் கொஞ்சம் தூங்குங்க” என்றேன்.

“சரி” என்றார். கண்களை மூடிக்கொண்டார். தை கடைசியில் அண்ணன் காலமானார்.

பதினாறாம் நாள் பந்தியில், அந்த ஆள் அண்ணனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான், சாவுக்குக்கூட வீட்டுப்பக்கம் வரவில்லை என்று நம் உறவினர்கள் பேசியது என் காதில் விழுந்தது. நான் பாயசம் பரிமாறிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனேன். பெற்றவள் பயந்ததில் தப்பில்லை என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். பயந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. பயத்தில் செய்ததை இன்னொருவர் தலையில் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்க விட்டேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். என் மகள் நாளை இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், பால்கார அம்மாளுக்கும், மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த பள்ளி ஆசிரியர்களுக்கும், ஒன்பது வாரமும் என் வீட்டைப் பார்த்துக்கொண்ட என் நாத்தனாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் கலியமூர்த்தி. உங்கள் அனைவர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தார். “வெயிலு ஏறிப்போச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தால் அனுப்பி வைக்கிறேன் என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்குக் கலியமூர்த்தி நான் தங்கியிருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கொல்லை வழியாகவே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேலே உள்ளதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒருமுறை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடித்ததும் சொன்னார்:

“அண்ணனுக்குத் தெரியும் தங்கச்சி. அவரு போகச் சொன்னப்புறம் நான் திருத்துறைப்பூண்டில மச்சான் வயலுக்கு வேலைக்குப் போயிட்டேன். ஐப்பசியிலயே பஸ் ஏறி அங்க வந்து கேட்டாரு. அவருகிட்ட என்னால மறைக்க முடியல. கூப்புட்டாரு, ஒத்துக்கிட்ட வேலைய முடிச்சிட்டு தைக்கு வந்துடுறேன்னேன், சரின்னாரு. நான் சொன்னத மட்டும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வந்தா வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னுதான் சாவுக்குக்கூட வீட்டுப்பக்கம் வரல. ‘அவளே சொல்லுவா கலியமூர்த்தி, கொஞ்சம் நாளாகும். சின்னப் புள்ளையிலேருந்தே அவ அப்படித்தான்’னு சொல்லிச் சிரிச்சாரு.”