நிலாவில் எப்படிப் பிறை பார்ப்பது?

மேலே போன ராக்கெட் திரும்பி வந்து நின்றபடியே இறங்கும் வீடியோவை இன்று பஸ்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஜன்னலோரம் துணி மூட்டையோடு இருந்த காத்தான்குடி வியாபாரி நானா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இதில ஆக்களும் போவாங்களோ, தம்பி?"

"ஓம், நானா. ஆக்களும் சாமானும். நிலாவுக்கே போகலாமாம்."

கல்லடிப் பாலம் வரும்வரை யோசித்தார்.

"அப்ப நிலாவில இருக்கிறவன் நோன்புப் பெருநாளுக்கு எங்க பிறை பாக்கிற?"

"அங்கயிருந்து பாத்தா பூமிதான் பிறையாத் தெரியும்."

அவர் பாலத்தின் கீழிருந்த வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வானத்தின் நிறத்தில் கிடந்தது. நானும் போனை அணைத்துவிட்டேன்.

"அந்தப் பிறைக்குள்ள நம்மட காத்தான்குடியும் இருக்கும், என்ன?"

"இருக்கும்" என்றேன்.

இறங்கும்போது, ராக்கெட்டிலும் தனக்கு ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடு சீட் எனக்கு. மற்ற ஓரத்துக்கு யார் வருகிறீர்கள்?