கதிர் ஓட்டிய என் நிரல்

கதிர்வேலின் வேலை போனது என்னால். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் சிறிய கம்பெனி. கதிர் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருவான். வரும்போதே எனக்கும் சேர்த்துத் தேங்காய் பன் வாங்கி வருவான். அடுத்தடுத்த நாற்காலிகள்; அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் நான். அந்த மாடியில் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அப்படிப்பட்ட காலைகள் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை...

பனியன் விற்கும் இணையதளம் ஒன்றை நாங்கள் கவனித்துவந்தோம். தீபாவளி நெருங்கியது, கூட்டம் ஏறியது. வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் கிளவுடில் ஏற்கெனவே இருந்தது. அதில் புதிதாக இரண்டு சர்வர்களைச் சேர்க்கும் நிரலை நான்தான் எழுதினேன்.

சோதித்துப் பார்த்தேனா? இல்லை! ஆனைமலையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கிளம்பும் அவசரம்.

"கதிரு, இதைய ரன் மட்டும் பண்ணிப்போடுங்க."

"டெஸ்ட் பண்ணிட்டீங்கள்ல அம்மணி?"

"பண்ணியாச்சுங்க."

எத்தனை எளிதாக வந்தது அந்தப் பொய்!

என் நிரல் பழைய சர்வர்களோடு புதியவற்றைச் சேர்க்கவில்லை. பழையவற்றை எல்லாம் நீக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் வைத்தது. மொத்தக் கூட்டமும் அந்த இரண்டின் தலையில் விழுந்தது. தாங்குமா? தளம் முடங்கியது, விற்பனை நின்றது.

நான் ஆனைமலையிலிருந்து திரும்பிய அன்று முதலாளி எங்கள் மேசைக்கே வந்தார். "யாருங்க இதைய ரன் பண்ணுனது?"

"நானுங்க" என்றான் கதிர்.

"டெஸ்ட் பண்ணாமயேவா?"

கதிர் என்னைப் பார்த்தான். காத்திருந்தான். நான் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"...ஆமாங்க. என்ற தப்புத்தானுங்க."

அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். பக்கத்து நாற்காலி காலியானது. பிழையான வரியை நான் ஓசையில்லாமல் திருத்தினேன். ஏன் பேசவில்லை? பயமா, சுயநலமா? இன்றும் தெரியவில்லை!

அண்மையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவனை மனைவியோடு பார்த்தேன். அவிநாசியில் செல்போன் கடை வைத்திருக்கிறானாம். முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா?" என்றவன் மனைவியிடம் திரும்பினான். "நாஞ் சொல்லுவனே, இவங்கதான். எனக்கு வேலை கத்துக் குடுத்தவங்க."

எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் சொன்னானா? மறந்துவிட்டானா? கேட்கத் துணிவில்லை. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க."

"வாரேனுங்க" என்றேன்.

வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.