எதிர்க்கடையில் கேட்ட ‘டிங்’ சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரத்தில் நடந்தது இது. கண்டி டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எனக்குச் சின்னதாய் ஒரு பிள்ளைகள் துணிக்கடை இருக்கிறது. ஞானஸ்நான கவுன், புதுநன்மைச் சட்டை, பாடசாலைச் சீருடை, இவைதான் என் வியாபாரம். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் முதலில் போவது என் மானம்தான்.

என் கடைக்கு நேர் எதிரே இன்னொரு பிள்ளைகள் துணிக்கடை. இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற வழி மட்டும்தான். அந்தக் கடையை நடத்துகிறவள் முன்பு என்னிடம் வேலை பார்த்தவள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, சட்டை மடிப்பதிலிருந்து விலை பேசுவது வரை என்னிடம்தான் பழகினாள். என் செக்குகளை வங்கிக்குக் கொண்டுபோய்ப் போட்டதும் அவள்தான். கல்யாணம் முடித்து வேலையை விட்டுப் போனவள், ஒருநாள் வந்து நின்றாள். “அக்கா, எதுத்தாப்புல அந்த ரூம் சும்மாதானே கெடக்கு. நான் எடுத்துக் கட போடவா?” என்று கேட்டாள். “போடு புள்ள, அதுக்கென்ன” என்று சிரித்தேன். மிஞ்சிப் போனால் ஒரு சீசன் தாங்குவாள் என்று நினைத்துத்தான் அந்தச் சிரிப்பு.

அவள் தாங்கினாள். தாங்கியது மட்டுமல்ல, என் கண்ணெதிரே வளர்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எனக்கென்று ஒரு கௌரவம் இருந்தது. அது என் செக் புத்தகம். எங்கள் குடும்பத்தில் தன் பெயரில் செக் புத்தகம் வைத்திருந்த முதல் பெண் நான். கொழும்புப் புறக்கோட்டையில் துணி எடுக்கும்போது, பின்திகதி போட்டு ஒரு செக்கை எழுதி, வளைத்து ஒரு கையெழுத்து வைத்துக் கொடுப்பேன். மொத்த வியாபாரி ஹாஜியார் அதைத் தன் மேசை லாச்சியில் வைத்துக்கொள்வார். திகதி வந்தாலும் சட்டென்று வங்கியில் போட்டுவிட மாட்டார். போடுவதற்கு முதல்நாள் எனக்குப் போன் எடுப்பார்.

“தங்கச்சி, நாளைக்கு செக்க போடட்டா?”

“போடுங்க ஹாஜியார்” என்பேன். கணக்கில் கொஞ்சம் குறைந்தால் “ரெண்டு நாள் பொறுங்களேன்” என்பேன், பொறுப்பார். பிள்ளைகளின் படிப்பு, கொழும்பு வெயில், கண்டி மழை எல்லாம் அந்த அழைப்பில் பேசி முடிப்போம். என் செக் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. அதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிவேன்.

எதிர்க்கடைக்காரிக்குச் செக் புத்தகமே கிடையாது. அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு கியூஆர் அட்டை நின்றது. வருகிறவர்கள் போனை அதற்கு நேரே பிடிப்பார்கள். உடனே அவள் போன் ‘டிங்’ என்று அடிக்கும். காசு வந்துவிட்டதாம். பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கமிருந்து வரும் படித்த பிள்ளைகள், வேலைக்குப் போகும் தாய்மார் எல்லாம் என் வாசலில் நின்று, “ஆன்ட்டி, கியூஆர் இருக்கா?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும் அப்படியே திரும்பி எதிரே போவார்கள். நான் எடுத்துக் காட்டிய அதே அளவுச் சட்டையை அவளிடம் வாங்குவார்கள். பிறகு அந்த ‘டிங்’.

ஹாஜியாரும் ஒருநாள் போனில் சொன்னார். “கோவிக்காதீங்க தங்கச்சி. அந்தப் புள்ள சாமான் ஏத்தின கையோட காச போனிலயே போட்டுடுது. அதனால புதுச் சாமான் வந்தா மொதல்ல அதுக்குக் காட்டுறேன். செக் எல்லாம் இப்ப யாரும் விரும்புறல்ல.” அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் துணி மடித்தவளுக்கு முதல் தெரிவு, எனக்கு மிச்சமா?

அன்றே முடிவெடுத்தேன். அந்த அட்டை எனக்கும் வேண்டும். வங்கியில் போய்க் கேட்டிருந்தால் அவர்களே செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைச் செக்கெழுதும் ஆளாகத்தான் தெரியும். அவர்கள் முன்னால் போய் இது என்ன, எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் கேட்பதைவிடக் கடையைப் பூட்டிவிடலாம் என்று இருந்தது.

அவள் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், தொங்கிய கவுன் ஒன்றைப் பார்ப்பதுபோல அவள் வாசலில் நின்று, அட்டையைப் போனில் படம் பிடித்தேன். கீழே தெருவிலிருந்த அச்சகத்துக்குப் போனேன். “இதே மாதிரி, இதே அளவுல ஒண்ணு வேணும். மேல மட்டும் என் கடப் பேரப் போடுங்க” என்றேன். அச்சகக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “மிஸ், இந்தக் கட்டம் இப்பிடியே இருக்கட்டுமா?” என்று கேட்டார். “அப்பிடியே இருக்கட்டும், அத மாத்திப் போடாதீங்க” என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

நீங்கள் இப்போது சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் செக். செக்கில் பூவேலை, கோடு, கட்டம் எல்லாம் வங்கிக்காரன் போட்டது. யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான் பணம். இந்த அட்டையும் அப்படித்தான், கட்டம் எல்லோருக்கும் பொது, மேலே இருக்கிற பெயர்தான் முக்கியம் என்று நினைத்துவிட்டேன்.

அட்டையைக் கண்ணாடித் தாள் ஒட்டிக் கல்லாவுக்கு முன்னால் நிறுத்தினேன். வியாபாரம் பிடித்துக்கொண்டது. முக்கால்வாசிப் பேர் போனைத்தான் நீட்டினார்கள். பச்சை நிறத்தில் சரி என்று அடையாளம் வரும், எனக்குக் காட்டுவார்கள், நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டுவேன். ஒரு பிள்ளை, “ஆன்ட்டி, இதுல வேற பேரு வருதே” என்றது. கடைப் பெயர் ஒன்றும் பதிந்த பெயர் ஒன்றுமாக இருப்பது நம் ஊரில் புதிதா? “அது பேங்க்ல பதிஞ்ச பேரு. நீங்க போடுங்க மகள்” என்றேன். காசு கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்கவும் இல்லை. செக் என்றால் மாறுவதற்கு நாளெடுக்கும், இதுவும் மெதுவாக வந்து சேரும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னைப் போட்டு வாட்டியது. அவளுடைய ‘டிங்’ குறையவே இல்லை. முன்பைவிடக் கூடியது. என் கடையில் ஒரு வியாபாரம் முடியும், அடுத்த நொடி எதிரே ‘டிங்’. நான் ஒரு புதுநன்மைச் சட்டை விற்பேன், உடனே அவளுக்கும் ‘டிங்’. எனக்கு ஒன்று நடந்தால் அவளுக்கும் ஒன்று நடந்துவிடுகிறதே, கடவுளே, இவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் ஆள் வருகிறது என்று பொருமினேன். எட்டிப் பார்த்தால் அவள் கடையில் சில நேரம் யாருமே இருக்க மாட்டார்கள். அதையும் ஏதோ ராசி என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில் அவள் இரண்டு தடவை என் வாசலுக்கு வந்தாள். முதல் தடவை, “அக்கா, ஒரு விசயம் பேசணும்” என்றாள். “இப்ப நேரமில்ல” என்று உள்ளே போய்விட்டேன். இரண்டாம் தடவை போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு காசு விழுந்தது என்று காட்டத்தான் வருகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, “என்கிட்ட வேல பழகினவங்க எனக்கு வேல பழக்க வரத் தேவல்ல” என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. திரும்பிப் போனாள், பிறகு வரவில்லை. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஹாஜியார் போன் எடுத்தார். செக்கைப் போடட்டுமா என்று கேட்டார். இந்தத் தடவை துணியும் அதிகம், செக்கும் பெரியது. நான் யோசிக்கவே இல்லை. “தாராளமாப் போடுங்க ஹாஜியார்” என்றேன்.

அடுத்து வந்தது வங்கியிலிருந்து ஒரு அழைப்பு. அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி பேசினார். “அன்ரி, உங்கட செக் ஒண்டு வந்திருக்கு. கணக்கில காசு காணாது. மத்தியானத்துக்கு முதல் போடுங்கோ, இல்லாட்டித் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.”

அட்டையைக் கழற்றிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். இதில் வந்த காசெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் போனை அதற்கு நேரே பிடித்து, திரையை என்னிடம் காட்டினார். “இது உங்கட பேரில்லை, அன்ரி. இஞ்ச பாருங்கோ.” திரையில் அவள் பெயர் இருந்தது.

அந்த நேரத்தில்கூட என் புத்தி என் பக்கம் திரும்பவில்லை. அவள் ஏதோ செய்து என் காசை எடுத்துவிட்டாள் என்றுதான் ஓடியது. மூச்சு வாங்க மாடியேறி, அவள் வாசலில் நின்றேன். உள்ளே பிள்ளைகளோடு தாய்மார் சிலர் இருந்தார்கள். “என் உப்பத் தின்னவதானே நீ! இப்ப என் காசையும் தின்னுட்டியா? ஒன்னால என் செக் திரும்பப் போவுது!” என்று கத்தினேன். ஒரு பிள்ளை பயந்து அழத் தொடங்கியது.

அவள் கையிலிருந்த கவுனைக் கீழே வைத்தாள். “எந்த செக் அக்கா? ஹாஜியாருக்குக் குடுத்ததா?” என்று மட்டும் கேட்டாள். போனை எடுத்து ஏதோ தட்டினாள். “உங்க காசு முழுக்கப் போட்டுட்டேன். பேங்க்குக்குப் பேசிப் பாருங்க அக்கா.”

“என் கணக்கு நம்பர் ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எத்தன வருசம் உங்க செக்க கொண்டு போயி, ஸ்லிப் எழுதிப் போட்டிருக்கேன். மறக்குமா?”

பிறகு அந்தத் தாய்மார் பக்கம் திரும்பினாள். “அக்காவோட காசு என்கிட்ட நின்னுருச்சுங்க. குடுக்கப் பிந்திட்டேன், என் பிழைதான்” என்றாள். அழுத பிள்ளைக்கு ஒரு டொபி எடுத்துக் கொடுத்தாள். என் போன் அடித்தது. வங்கித் தம்பிதான். காசு வந்துவிட்டது, செக் பாஸாகிவிட்டது என்றார். என் கையெழுத்தின் மானத்தை அந்தக் கட்டம் போட்ட அட்டைதான் காப்பாற்றியது. நான் என் கடைக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடை சாத்தும் நேரம் அவளே வந்தாள். என் கடையில் ஆள் போனைப் பிடிக்க, தன் போன் அடிப்பதை முதல் நாளே கவனித்துவிட்டாளாம். சொல்லத்தான் இரண்டு தடவை வந்திருக்கிறாள். என் கடைக் காசைத் தினமும் பிரித்து வேறொரு கணக்கில் ஒதுக்கியும் வைத்திருக்கிறாள். “அப்ப எனக்கு அனுப்பியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லாம அனுப்பினா, எனக்கே பிச்ச போடுறியான்னு சண்டைக்கு வந்திருப்பீங்க. உங்க குணம் எனக்குத் தெரியாதா அக்கா?”

வந்திருப்பேன்தான். “மன்னிச்சிரு புள்ள” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், “அந்த அட்டைய மறுபடி வச்சிராதீங்க. எனக்குத்தான் வரும்” என்று சிரித்தாள். இப்படிச் சிரிக்க இவளால் எப்படி முடிகிறது என்று அதிலும் எனக்கு ஒரு பொறாமை.

பிறகு வங்கியில் கேட்டு எனக்கென்று ஒரு அட்டை எடுத்தேன். ஹாஜியாருக்கும் இப்போது போனில்தான் காசு போகிறது. அவர் பேசுவதில்லை, பெருவிரல் படம் ஒன்று அனுப்புகிறார், அவ்வளவுதான். செக் புத்தகம் லாச்சியில் கிடக்கிறது, அதற்குக் கீழே அந்தப் பிழையான அட்டையும்.

அண்மையில் ஒரு பெண் என் கடைக்கு வந்தார். அன்று அவள் கடையில் நின்றவர்களில் ஒருவர். துணி பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, “அந்த எதிர்க்கடைக்காரி உங்க காச அமுக்கினவதானே? அதுக்குப் பொறகு நான் அந்தப் பக்கமே போறதில்ல” என்றார். எனக்குத் திடுக்கென்றது. இவ்வளவு காலமும் அவள் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வாடிக்கையையும் இழந்துகொண்டு இருந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த வியாபாரம் எனக்குத்தான். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் அப்படி இருக்கவும் நினைத்தேன். பிறகு லாச்சியைத் திறந்து, பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, என்னிடம் ஒன்றும் வாங்காமல், நேரே எதிர்க்கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ‘டிங்’ என்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் அது யாருக்குச் சேர வேண்டியது என்பதில் மட்டும் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.