குழாய் கேட்டோம், நிறைகுடம் வைத்தோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஒழுங்கைக்கு வட்டார மெம்பர் வந்தார்.

வந்தார் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். வோட்டுக் கேட்கிற காலமா? இல்லை. செத்த வீடா? அதுவும் இல்லை. ஒரு கவுன்சில் மெம்பர் சும்மா இருக்கிற நாளில் காரை விட்டு இறங்கி, கொழும்பு கொட்டாஞ்சேனையில் சந்து மாதிரி ஒரு குச்சொழுங்கைக்குள் கால் வைக்கிறார் என்றால்... அது லேசுப்பட்ட காரியமா?

விஷயம் தண்ணீர்.

எங்கள் ஒழுங்கை ஒரு மேட்டில் ஏறுகிறது. அடிவாரத்தில், தெருவோடு ஒட்டினாற்போல் ஒரேயொரு முனிசிப்பல் குழாய். அதைச் சுற்றிக் கருங்கல் படிகள். நாள் முழுக்கத் தண்ணீர் சிந்திச் சிந்திப் படியெல்லாம் பாசி. விடியற்காலையில் குழாய் நன்றாகத்தான் ஊற்றும். வெயில் ஏற ஏற மெலிந்து, மத்தியானத்தில் சொட்டும். ஆகவே எல்லாருக்கும் விடியத்தான் தண்ணீர் வேண்டும். எல்லாருக்கும் முதல் குடமாகத்தான் வேண்டும். குழாயடியில் சண்டை தமிழில் தொடங்கும், சிங்களத்தில் சூடு பிடிக்கும், கடைசியில் மூன்றாம் வீட்டுப் பறங்கி அம்மா இங்கிலீஷில் எல்லாரையும் ஏசி முடித்து வைப்பார்.

வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சிக்கு வீட்டுக்குள்ளேயே குழாய். "திருகினா வருது அக்கா, பூட்டினா நிக்குது" என்று நான் போகும்போதெல்லாம் திருகித் திருகிக் காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடன்பிறந்தவள்... என்ன செய்ய?

ஆனால் நாங்கள் இரண்டாவது குழாய் கேட்டது எங்கள் சண்டைக்காக அல்ல. பிலோமினாவுக்காக.

பிலோமினா மேட்டு உச்சியில், கடைசி வீட்டில் இருக்கிறவள். புருஷன் கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறான். கிழக்கு வெளுக்க முன்னமே போய்விடுவான். போன வருஷம் அவள் வயிற்றில் பிள்ளையோடு தண்ணீர் தூக்கப் போய், அந்தப் பாசிப் படியில் வழுக்கி விழுந்தாள். குடம் நெளிந்தது. பிள்ளை தங்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது.

இப்போது மறுபடியும் பிள்ளைத்தாச்சி. மறுபடியும் அதே குடம், அதே படி. நாங்கள் கைகொடுப்பதில்லையா என்று கேட்பீர்கள். கொடுப்போம்... எங்கள் குடம் நிறைந்த பிறகு, நினைவு வந்தால். அவளும் கேட்க மாட்டாள். "பரவாயில்ல அக்கா, மெதுவாப் போய்ருவேன்" என்பாள். அவள் படியில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்னும்.

அதனால்தான் மேட்டின் மேலே ஒரு குழாய் போடுங்கள் என்று கவுன்சிலுக்கு மனுப் போட்டோம். என் வீட்டுக்காரர் கந்தோரில் கிளார்க். இங்கிலீஷில் மனு எழுதுவதென்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். நாங்கள் எப்பேர்ப்பட்ட அனாதைகள், தாகத்தால் எப்படித் தவிக்கிறோம் என்று அவர் வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கே நாக்கு வறண்டுவிட்டது.

ஒருநாள் கவுன்சில் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் வந்தார். "மெம்பர் சனிக்கிழமை காலைல நேர பாக்க வாறார். கஷ்டம் உண்மை எண்டு கண்டா, கமிட்டில சொல்லுவார். இல்லாட்டி விஷயம் அதோட சரி" என்றார்.

அவ்வளவுதான். ஒழுங்கைக்கே விசர் பிடித்தது.

பெரிய மனிசர் வருகிறார்! வெறும் வாசலோடு வரவேற்பதா? என் வீட்டுக்காரர் தலைமை தாங்கினார். வெள்ளிக்கிழமையே ஒழுங்கையைக் கூட்டிக் கழுவினோம். படியிலிருந்த பாசியைக்கூட, கண்ணில் படுகிற இடத்தில், தேங்காய்ப் பொச்சு மட்டையால் தேய்த்தோம். ஒழுங்கை முகப்பில் மாவிலைத் தோரணம். அந்தோனியார் கோயில் கொடியேற்றத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகளைச் சிலர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நடு மேட்டில் கடை வைத்திருக்கிற காசிம் நானா, "சர்பத் என்ட பொறுப்பு, நீங்க யோசிக்க வாணாம்" என்று பெரிய சட்டியில் கலக்கி, மேலே கசகசா மிதக்கவிட்டார்.

பிறகு... நிறைகுடம்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு நல்லது என்றால் வாசலில் நிறைகுடம் வைக்காமல் கை அடங்காது. நான்தான் முதலில் வைத்தேன். மினுக்கின செம்பு, வழிய வழியத் தண்ணீர், மேலே மாவிலை, தேங்காய். என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வைத்தாள். அவள் ஒன்று வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வைக்க மாட்டாளா? நிறைகுடம் என்றால் என்னவென்றே தெரியாத பறங்கி அம்மாவும் ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறையத் தண்ணீரும் பூவுமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

குழாயடியில் மெம்பர் முன்னால் சண்டை வந்தால் மானம் போகும் என்று, விடிய முன்னமே எல்லாரும் வரிசையாக நின்று, ஒருவரையொருவர் "நீங்க முதல் பிடியுங்கோ", "இல்லை, நீங்க பிடியுங்கோ" என்று உபசரித்து அள்ளி முடித்தோம். அப்படி ஒரு நாளை அந்தக் குழாய் கண்டதே இல்லை.

பொழுது ஏறிய பிறகு பிலோமினாவும் குடத்தோடு இறங்கி வந்தாள். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"பிள்ளை, இந்த நிலையில வெயிலுக்குள்ள நிக்காதை. போய் உள்ளுக்கு இரு. மெம்பர் போன பிறகு ஆறுதலா அள்ளலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாங்களும் "ஓம் ஓம், போய் இரு" என்றோம். அவள் வெறுங்குடத்தோடு மேலே ஏறிப் போனாள்.

மெம்பர் வந்தார். வெள்ளை ட்ரில் சூட், தொப்பி, கொஞ்சம் தொந்தி. சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைப்பார். பின்னால் ஓவசியர், அவருக்குப் பின்னால் குடை பிடித்தபடி ஒரு பியூன். பன்னீர் தெளித்தோம். சந்தனம் கொடுத்தோம். மாலை போட்டோம். சர்பத் குடித்தார். இன்னொரு கிளாஸும் வாங்கிக் குடித்தார்.

பிறகு குழாயைப் பார்த்தார். ஒரு குருவியும் இல்லை. அவரே திருகினார். அள்ள ஆளில்லாமல் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் ஜோவென்று ஊற்றியது.

ஒழுங்கையை நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு வாசல் தண்ணீர்! வெயிலில் பளபளவென்று, விளிம்பு வரைக்கும், செம்பிலும் பித்தளையிலும் பீங்கானிலும்.

"வெரி குட்! வெரி குட்!" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. "எத்தனையோ ஒழுங்கை பாத்திருக்கிறேன். எல்லா இடத்திலயும் ஒரே சண்டை. இங்க எவ்வளவு சுத்தம்! எவ்வளவு ஒற்றுமை! தண்ணிக்கும் ஒரு குறையும் இல்ல. ஒரு குழாயை வச்சு எப்படி வாழலாம் எண்டதுக்கு, இந்த ஒழுங்கையைத்தான் நான் கமிட்டில உதாரணமாச் சொல்லப்போறேன்."

என் வீட்டுக்காரர் பெருமையோடு தலையாட்டினார். பாதி ஆட்டத்தில் தலை நின்றது.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஐயோ கடவுளே! தாகத்தில் சாகிறோம் என்று மனுப் போட்டுவிட்டு, வந்த மனிசனுக்கு ஒழுங்கை முழுக்கத் தண்ணீர்க் கண்காட்சி வைத்திருக்கிறோம்!

"அது... சேர்... இது இண்டைக்கு மட்டும்..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுதுகிற மனிசனுக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. காசிம் நானா மெல்ல என் பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுட்டமே" என்றார். மெம்பர் காரை நோக்கித் திரும்பிவிட்டார். மேலே அந்தப் பெண் காத்திருக்கிறாள். இந்த மனிசன் காரில் ஏறினால் குழாய் போச்சு. இன்னும் எத்தனை தரம் அவள் அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டும்?

அப்போதுதான் மேலேயிருந்து குரல் கேட்டது.

"அக்கா... எல்லாரும் அள்ளியாச்சா? நான் இப்ப வரலாமா?"

பிலோமினா. ஒரு கையில் வெறுங்குடம், மறு கையால் மதிலைப் பிடித்தபடி, வயிற்றைச் சாய்த்து மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். எங்கள் சோடனை ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. காலடியை மட்டும் பார்த்தாள்.

மெம்பர் நின்றுவிட்டார்.

அவள் கடைசிப் படியைத் தாண்டிக் குழாயடிக்கு வந்து, குடத்தை வைத்துத் திருகினாள். தேங்கி நின்றது முடிந்துவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது. நூலாகத்தான் வந்தது. குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நேரம் எடுத்தது அந்தக் குடம்.

"நீங்க எங்க இருக்கிறது?" என்று மெம்பர் கேட்டார்.

"மேல, மாத்தயா. ஆகக் கடைசி வீடு."

"வீட்டில தண்ணி இல்லையா?"

"காலைல இருந்து இல்ல. நீங்க வாறீங்க எண்டு எல்லாரும் முதல்ல அள்ளினாங்க. பரவாயில்ல."

பரவாயில்லையாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரைக்கும் வாயைப் பூட்டி வைத்திருந்த நான் பொரிந்து தள்ளினேன். "சேர், இந்தப் படியில விழுந்துதான் இவள் போன வருஷம் பிள்ளையைப் பறிகுடுத்தவள். எங்களுக்குக் குழாய் வேண்டாம். இவளுக்குத் தாங்கோ. இந்தக் குடமெல்லாம் உங்களுக்காக வச்ச வேஷம்!" என் வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

மெம்பர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நிறைகுடங்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிப் பியூனிடம் கொடுத்தார். அடுத்தது என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்!

"ஐயோ சேர்!" என்று ஓவசியர் ஓடினார். "நகருங்க!" என்றார் மெம்பர். ஊரே பார்க்கிறது. தூக்கின குடத்தை இனி இறக்க முடியுமா?

முதல் படியிலேயே சப்பாத்து வழுக்கியது. நாங்கள் தேய்த்தது கண்ணில் படுகிற படிகளை மட்டும்தானே! காசிம் நானா பாய்ந்து இடுப்பைப் பிடித்தார். குடம் தளும்பி, வெள்ளை ட்ரில் கோட்டு நனைந்து முதுகோடு ஒட்டியது. போட்ட மாலை ஒரு பக்கம் தொங்கியது. படிகளைக் கடந்தார். மேடு ஏறினார். பின்னால் ஓவசியர், பியூன், நாங்கள் எல்லாரும் ஊர்வலமாக. பிலோமினா வெறுங்கையோடு கூடவே நடந்தாள். கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை அவளுக்கு.

காசிம் நானாவின் கடை வாசல். பாதி மேடு. அங்கே மெம்பர் குடத்தை இறக்கினார். மதிலில் சாய்ந்தார். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் காலடியைக் காட்டிச் சொன்னார்:

"இங்க! ஒரு குழாய். இந்த இடத்திலயே!"

ஓவசியர் உடனே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது வாய் வந்துவிட்டது. "சேர், அந்தப் பிள்ளையின்ர வீடு இன்னும் மேல..."

மெம்பர் மேலே பார்த்தார். மிச்ச மேட்டைப் பார்த்தார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"இதுவே பெரிய தூரம்!" என்றார்.

மிச்ச தூரத்துக்குக் குடத்தை நான் தூக்கினேன்.

சுண்ணாம்பு வட்டம் போட்ட இடத்தில் போன கிழமை குழாய் வந்துவிட்டது. ஒரு அங்குலம் மேலே இல்லை, கீழே இல்லை. இவ்வளவு கெதியாய் ஒரு காரியம் நடக்குமென்று யார் நினைத்தது? பாசிப் படிகளுக்கு இனிமேல் பிலோமினா இறங்க வேண்டியதில்லை. அது போதும் எனக்கு. முதல் குடத்தை அவள்தான் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் விலகி நின்றோம். எங்களுக்கு இதுவும் ஒரு பாடம்தான். கஷ்டத்தை எழுதத் தெரிந்தவர்கள், காட்டவேண்டிய நாளில் அதைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டோம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு ஓட்டைச் சட்டியைக் காட்டுவோமா? காட்ட மாட்டோம். ஆனால் கவுன்சில் மெம்பர் விருந்தாளியா, சொல்லுங்கள்?

பிலோமினா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மிச்சப் பாதி மேட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்த எலெக்‌ஷனுக்கு நல்ல மூச்சுப் பிடிக்கிற ஆளாப் பாத்து அனுப்புவோம் அக்கா. குழாய் வீட்டு வாசலுக்கே வந்துரும்."