ரெண்டு மானிட்டரும் ஒரு ஓட்டையும்

லேப்டாப் கடைக்கு வருகிறவர்கள் ஊர்ப்பட்ட கேள்வி கேட்பார்கள். அதை வைத்து என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று மட்டும் நாம் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையில் இருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் உடையார்பாளையத்துக்குப் போன ஒரே ஒரு லேப்டாப் என்னைப் படுத்திய பாடு இது.

சார் இல்லையா?

வந்தவர்கள் கவிதா என்ற பெண்ணும் அவளுடைய மாமனாரும். மாமனார் முந்திரி வியாபாரி. நான் எதிரே நிற்கும்போதே என்னைத் தாண்டிப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்றார். சார் என்றால் எங்கள் முதலாளி. அவருக்குப் பில் போடத் தெரியும், டீ சொல்லத் தெரியும். லேப்டாப்பைப் பற்றி எதைக் கேட்டாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அன்றும் பார்த்தார். நான் பதில் சொன்னேன். அதையே அவர் திருப்பிச் சொன்னதும் பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "நீ சொல்லும்மா, நான் மறுக்கா சொல்றேன். யாவாரம் ஆவணும்ல?"

கையில் தூக்கிப் பார்த்தவர்

கவிதா வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறாள். ஒரு மானிட்டரில் நோயாளியின் விவரம், இன்னொன்றில் பில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். பழைய லேப்டாப்போ கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். "இன்னொரு தடவ மீட்டிங்ல பாதில காணாமப் போனா, கெளம்பி சென்னைக்கே வந்துருன்னுட்டாங்கக்கா. வூட்டுல அனுப்ப மாட்டாங்க. அப்பறம் வேல போயிரும்" என்றாள்.

அவளுக்கென்று ஒல்லியான ஒன்றை எடுத்து வைத்தேன். பேட்டரி பகல் முழுக்க நிற்கும். பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஓட்டை. டாக் என்கிற பெட்டியை அதில் மாட்டினால் இரண்டு மானிட்டரும் ஓடும், சார்ஜும் ஏறும். "இந்த ஓட்டைதான் ஐயா இதுக்கு உயிரு" என்று பெரியவரிடம் தொட்டுக் காட்டி, படித்துப் படித்துச் சொன்னேன். அவர் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. முந்திரி மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்ப்பவர்போல லேப்டாப்பை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். பிறகு முதலாளியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "வெயிட்டே இல்லியே, உள்ள எதுனா வச்சிருக்கானா?"

துபாய் நிபுணர்

எல்லாக் குடும்பத்திலும் ஒரு நிபுணர் இருப்பார். இந்தக் குடும்பத்து நிபுணர் கவிதாவின் கொழுந்தன், துபாயில் இருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். கேம் விளையாடுகிறவர்கள் வாங்குகிற, கீபோர்டில் கலர் கலராய் லைட் எரிகிற லேப்டாப்பைத்தான் வாங்க வேண்டும் என்றார். செங்கல் கனம். பேட்டரி ஒரு சினிமாவைக்கூட முழுசாகத் தாங்காது. அதைச் சொன்னேன். அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "பேட்டரி எதுக்குங்க? சார்ஜர்லயே போட்டு வச்சிக்க வேண்டியதுதான?"

துபாயில் கரண்ட் போகாதாம். உடையார்பாளையத்தில் போகுமே. பெரியவர் அந்தக் கலர் லைட்டை ஆசையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதா போனை வாங்கி அணைத்தாள். "மாமா, வேல பாக்கப்போறது நானு. ஒல்லியா இருக்குறதையே போடச் சொல்லுங்க."

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் கவிதா போன் பண்ணினாள். டாக் உள்ளே இறங்கவில்லை, ஒரு மானிட்டரும் வரவில்லை, பதினோரு மணிக்கு மீட்டிங். பாதி அழுகை. எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அரியலூரில் பஸ் மாறி வந்து சேர்ந்தாள், கூடவே மாமனாரும். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஓட்டை நிறையச் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. அதன்மேல் லட்சணமாக ஒரு குங்குமப் பொட்டு.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியால் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தேன். இது போனால் அவள் வேலையும் போகும். ஒருவழியாக டாக் இறங்கி, கடை மானிட்டர் இரண்டிலும் படம் வந்தபோது மீட்டிங் தொடங்கிவிட்டது. கவிதா எங்கள் கவுண்டரிலேயே உட்கார்ந்து, போன் நெட்டில் சேர்ந்தாள். நடுவில் கரண்ட் போனது. மானிட்டர்கள் அணைந்தன. லேப்டாப் அசையவில்லை. அவளும் பேச்சை நிறுத்தாமல் அதிலேயே பில்லைத் திறந்து கடைசிவரை பதில் சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் பெரியவரிடம் போனேன். இத்தனை பெரிய மூடி இருக்க, பொட்டு வைக்க இந்த ஓட்டைதானா கிடைத்தது என்று கத்தியேவிட்டேன். அவர் முதல் முறையாக முதலாளியைப் பார்க்காமல் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "நீதானம்மா சொன்ன, இந்த ஓட்டைதான் இதுக்கு உயிருன்னு. அதான் மொதப் பொட்டு அதுக்கு வச்சேன்."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிய ஒரே கஸ்டமர் அவர்தான், அதனால்தான் லேப்டாப் ரிப்பேருக்கு வந்தது.